மாற்றுத்திறனாளி உள்ள வீடு வெளிநாடு போகலாமா?

வடசென்னையில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குச் சிறப்பு ஆசிரியராக இருக்கும் என்னிடம் பெற்றோர் வழக்கமாகக் கேட்பது பள்ளிக்கூடம், பிசியோதெரபி, அடையாள அட்டை பற்றித்தான். சில ஆண்டுகளாக இவற்றையெல்லாம் முந்திக்கொண்டு வேறொரு கேள்வி வருகிறது: “கனடா போய்விட்டால் இவளுக்கு நல்லதா டீச்சர்?” கனடா இருக்கும் இடத்தில் ஆஸ்திரேலியா வரும், லண்டன் வரும், துபாய் வரும். கேட்பவர் செவிலியராக இருப்பார், வெல்டராக இருப்பார், தரமணிக்குக் கணினி வேலைக்குப் போகிறவராக இருப்பார். எல்லோர் மனதிலும் ஒரே படம்தான்: சாய்தளம் வைத்த பள்ளிக்கூடம், சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய பஸ், யாரும் முறைத்துப் பார்க்காத தெரு.

படம் பொய்யில்லை. அந்தப் படத்துக்குள் யார், எந்தத் தேதியிலிருந்து நுழையலாம் என்பதை மட்டும் ஏஜென்ட் சொல்வதில்லை. அதனால் நாட்டுக்கு நாடு மதிப்பெண் போடும் ஒப்பீடுகளை ஓரமாக வைக்கச் சொல்கிறேன். எந்த விசாவில் இறங்குகிறீர்கள்? இறங்கிய அன்று பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? கிடைக்காத ஆண்டுகளில் யார் தூக்குவார், யார் பேச்சுத்துணை? இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

ஒரே விடை எல்லோருக்கும் பொருந்தாது என்பதற்கு எங்கள் பக்கத்து மூன்று வீடுகள் போதும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முதல் வீடு தண்டையார்பேட்டையில், இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மகளுக்கு ஒன்பது வயது, பெருமூளை வாதம். நடக்க மாட்டாள், பேச்சு குழறும், சொல்வது அத்தனையும் புரியும். அம்மா செவிலியர், அப்பா அம்பத்தூரில் சி.என்.சி. இயந்திரம் ஓட்டுகிறார், பாட்டி கூடவே இருக்கிறார். இரண்டாவது, காலடிப்பேட்டையில் பிறவியிலேயே காது கேளாத இளைஞர், கணினியில் வரைபடம் போடும் வேலை, அக்கா டொரண்டோவில். மூன்றாவது, பழைய வண்ணாரப்பேட்டையில் முதுகுத்தண்டு பாதிப்பால் சக்கர நாற்காலியில் இருக்கும் பட்டதாரிப் பெண். அரசு கொடுத்த பக்கச் சக்கர ஸ்கூட்டரில் ஊரெல்லாம் சுற்றுகிறவர். மேல்படிப்புக்கு ஜெர்மனியா, இங்கிலாந்தா என்று யோசிக்கிறார்.

வாசலில் நிறுத்தும் கணக்கு

ஊனத்தைக் காரணம் காட்டி பல நாடுகள் இன்று நேரடியாகக் கதவைச் சாத்துவதில்லை. ‘எங்கள் மருத்துவச் செலவுக்குச் சுமை’ என்று சொல்லிச் சாத்தும். கையில் அதற்கான அளவுகோல் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல் அந்த அளவு 86,000 ஆஸ்திரேலிய டாலர், ஏறக்குறைய அரைக் கோடி ரூபாய். நிரந்தரக் குடியேற்ற விண்ணப்பத்தில் பொதுவாக ஐந்தாண்டுச் செலவையும், மாறாத நிரந்தரக் குறைபாடு என்றால் பத்தாண்டு வரையிலான செலவையும் கூட்டிப் பார்ப்பார்கள். கணக்குப் போடும் விதம்தான் கொடுமை. உங்கள் மகளுக்கு என்ன செலவாகும் என்று அவர்கள் பார்ப்பதில்லை. அதே குறைபாடு, அதே தீவிரம் உள்ள ஒரு கற்பனை ஆளுக்கு அரசு எவ்வளவு செலவழிக்க வேண்டியிருக்கும் என்று பார்க்கிறார்கள். ‘எங்களிடம் பணம் இருக்கிறது, பாட்டி பார்த்துக்கொள்வார்’ என்ற வாதம் அங்கே எடுபடாது. குடும்பத்தில் ஒருவர் இந்தக் கணக்கில் தேறாவிட்டால் எல்லோருடைய விண்ணப்பமும் விழும். சில முதலாளி வழி விசாக்களில் விலக்கு கேட்கலாம். வயது, படிப்பு, வேலை அனுபவத்துக்குப் புள்ளி போட்டுத் தரும் 189, 190 விசாக்களில் அந்த வழியும் அடைப்பு. 1992ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் பாகுபாட்டுத் தடைச் சட்டம் குடியேற்றச் சட்டத்தைத் தொடக்கூடாது என்று அந்த நாடே எழுதி வைத்திருக்கிறது. 2008இல் ஊனமுற்றோர் உரிமைகளுக்கான ஐ.நா. ஒப்பந்தத்தை ஏற்றபோதும் இந்த மருத்துவ நிபந்தனை ஒப்பந்தத்துக்கு முரணில்லை என்று தனியாக ஒரு குறிப்பைச் சேர்த்தே ஏற்றது. அதே 2008இல் விக்டோரியா மாநிலத்தின் ஒரு சிற்றூரில் மருத்துவர் பற்றாக்குறையைத் தீர்க்க வந்த ஜெர்மன் மருத்துவருக்கு, மகனுக்கு டவுன் சின்ட்ரோம் என்பதற்காக நிரந்தர வசிப்புரிமை மறுக்கப்பட்டது. ஊரே கொதித்த பிறகு அமைச்சர் தலையிட்டு வழங்கினார். மருத்துவருக்கு ஊர் திரளும். சி.என்.சி. ஆபரேட்டருக்குத் திரளுமா?

கனடாவிலும் அளவுகோல் உண்டு. 2025ஆம் ஆண்டுக்கு அது ஆண்டுக்கு 27,162 கனடா டாலர், ஐந்தாண்டுக்கு 1,35,810. பெரிய வேறுபாடு தொகையில் இல்லை. 2018இல் அந்த நாடு வரம்பை மூன்று மடங்காக்கியது. கூடவே சிறப்புக் கல்வியையும் பராமரிப்பு உதவியையும் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது. அதற்கு முன்பே, 2005இல், அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், அவர்களுடைய வசதியையும் கருத வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஆகவே தண்டையார்பேட்டைச் சிறுமி போன்ற ஒரு பிள்ளை கனடாவின் வரம்புக்குள் நிற்க வாய்ப்பு அதிகம். அங்கே வாசலில் நிறுத்துவது பெரும்பாலும் மருந்துச் சீட்டுதான். தசைச்சிதைவு, அரிய மரபணு நோய் போன்றவற்றுக்கு ஆண்டு முழுக்க விலையுயர்ந்த ஊசி போட வேண்டிய பிள்ளை என்றால் கனடாவிலும் கடினம்.

நியூசிலாந்து 2022இல் தன் வரம்பை 41,000 டாலரிலிருந்து 81,000 ஆக்கியது. ஆனால் பிள்ளைக்குத் தீவிரமான சிறப்புக் கல்வி உதவி தேவை என்று தெரிந்தால் அதுவே தடையாகிவிடும். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் அந்தப் பக்கம் பார்க்காமல் இருப்பதே நல்லது.

உள்ளே போன பிறகு

வாசலைத் தாண்டுவது பாதி. பெற்றோர் ஏமாறுவது மீதிப் பாதியில்.

செவிலியர்கள் அதிகம் போகும் இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். சுகாதாரப் பணியாளர் விசாவில் போகிறவருக்கும் அவர் குடும்பத்துக்கும் மருத்துவக் கூடுதல் கட்டணம் கிடையாது. மற்ற வேலை விசாக்காரர்களில் பெரியவர்கள் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 1,035 பவுண்டு கட்டுகிறார்கள். அரசு மருத்துவமனையும் அரசுப் பள்ளியும் பிள்ளைக்குத் திறந்திருக்கும். இதுவரை இனிப்பு. விசாவில் ‘பொது நிதியைத் தொடக்கூடாது’ என்று ஒரு வரி அச்சாகி வரும். ஊனமுற்ற பிள்ளைக்கான உதவித்தொகை, பெரியவர்களுக்கான உதவித்தொகை, பராமரிப்பவருக்கான தொகை எல்லாம் அந்த வரிக்குள் அடக்கம். நிரந்தர உரிமை கிடைக்கும்வரை ஒரு பைசா வராது. இதுவரை பெரும்பாலோருக்கு ஐந்தாண்டு என்று இருந்த அந்தக் காலத்தைப் பத்தாக்க 2025 மே மாதம் அரசு முன்மொழிந்தது. இந்த ஆண்டுகளில் அம்மா மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பார், அப்பா வேலைக்குப் போக முடியாமல் பிள்ளையோடு வீட்டில் இருப்பார். தண்டையார்பேட்டையில் இரண்டு சம்பளம் வந்த வீடு அங்கே ஒரு சம்பள வீடாகிவிடும். முதியோர் இல்லப் பராமரிப்பு வேலைக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த வேலைக்குப் போகிறவர்கள் குடும்பத்தை அழைத்துவருவதை 2024 மார்ச்சில் நிறுத்தினார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அமெரிக்காவின் கதை தலைகீழ். பள்ளிக்கூடம் அருமை: குடியேற்ற நிலை என்னவாக இருந்தாலும் சிறப்புக் கல்வி பிள்ளையின் சட்ட உரிமை. ஆனால் எச்-1பி என்னும் வேலை விசாவில் பெரியவர்களுக்கு அரசின் மருத்துவ உதவித் திட்டம் பொதுவாகக் கிடையாது. கிரீன் கார்டு வாங்கிய பிறகும் பெரும்பாலான மாநிலங்களில் பெரியவர்களுக்கு ஐந்தாண்டுக் காத்திருப்பு. இந்தியர்களுக்கு அந்தக் கார்டு வரப் பல்லாண்டுகள் ஆகும், பிள்ளையோ 21 வயதில் பெற்றோர் விசாவிலிருந்து கழன்றுவிடும். தானாகப் படிப்பு விசாவோ வேலை விசாவோ வாங்க முடியாத பிள்ளை அன்றைக்கு எங்கே போகும்? இந்தக் கேள்வியைக் கேட்டதும் ஏஜென்டுகள் பேச்சை மாற்றுவார்கள்.

ஆஸ்திரேலியாவின் வாசல் இறுக்கம் என்றேன். உள்ளே நிரந்தர விசாவோடு போய்விட்டவர்களுக்கு அங்கே கிடைப்பதைப் போலக் கிடைக்கும் இடம் குறைவு. 65 வயதுக்கு உட்பட்டவருக்குத் தேசிய ஊனமுற்றோர் காப்பீட்டுத் திட்டம், அதாவது என்.டி.ஐ.எஸ்., நாற்காலி முதல் உதவியாளர் வரை பணம் தரும். தற்காலிக விசாக்காரருக்கு அது இல்லை. வேலைக்குப் போக முடியாத பெரியவருக்கான ஓய்வூதியத்துக்குப் பொதுவாகப் பத்தாண்டு அங்கே வாழ்ந்திருக்க வேண்டும்.

கனடாவில் நிரந்தர வசிப்புரிமையோடு இறங்கினால் பள்ளியும் மருத்துவமும் தடையின்றிக் கிடைக்கும். சக்கர நாற்காலி போன்ற கருவிகளுக்கு ஒன்டாரியோ மாநிலம் 75 விழுக்காடு கட்டுகிறது. ஆட்டிசம் சிகிச்சைக்கு வரிசை மிக நீளம்; பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் பல்லாயிரம் குடும்பத்தினர். அதே பிள்ளை தற்காலிக வேலை விசாவில் போனால் குழந்தைகளுக்கான உதவித்தொகைக்கே 18 மாதம் காத்திருக்க வேண்டும்.

வளைகுடா பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊனமுற்ற மகனோ மகளோ எந்த வயதிலும் பெற்றோரோடு இருக்க ஐக்கிய அரபு அமீரகம் இப்போது அனுமதிக்கிறது. அது நல்ல விதி. சிறப்புப் பள்ளிக் கட்டணம் கையைக் கடிக்கும், வேலை போனால் மூட்டை கட்ட வேண்டும், குடியுரிமை என்ற பேச்சே கிடையாது. அங்கே குடும்பத்தோடு போவது வேறு, அப்பா மட்டும் போவது வேறு. இரண்டாவதைத்தான் வடசென்னை காலம் காலமாகச் செய்கிறது. அதன் விலையை இங்கே தனியாக நின்று பிள்ளையைத் தூக்கும் அம்மாவின் முதுகெலும்பு கொடுக்கிறது.

யாரும் விரட்டாத ஒதுக்கம்

சட்டம் தருவதும் தராததும் தாளில் இருக்கிறது, படித்துக்கொள்ளலாம். புதிய நாட்டில் மாற்றுத்திறனாளியும் அவர் வீடும் தனித்துப்போவது எந்தத் தாளிலும் இராது.

தண்டையார்பேட்டைச் சிறுமியிடம் ஒரு படப் புத்தகம் இருக்கிறது. பேச முடியாத பிள்ளைகள் படத்தைத் தொட்டுக் காட்டிப் பேசுவதற்காக நாங்கள் தயாரித்துக் கொடுப்பது. கடையில் வாங்கிய படங்கள் அதில் கொஞ்சம்தான். மற்றவை அவளுடைய அப்பா செல்போனில் எடுத்தவை: மெட்ரோ வாட்டர் லாரி, பச்சை பிளாஸ்டிக் குடம், காசிமேட்டிலிருந்து வரும் சங்கரா மீன், எதிர்வீட்டு மாமி, மாடியில் கட்டியிருக்கும் துணிக்கொடி. ‘ஆமாம்’ என்றால் கண்ணை மேலே உயர்த்துவாள். ‘வேண்டாம்’ என்றால் இடது பக்கம் திரும்பிக்கொள்வாள். பூக்காரம்மா முதல் கேஸ் சிலிண்டர் போடும் தம்பிவரை இது தெரியும். முழம் போட்டுக்கொண்டே பூக்காரம்மா “கனகாம்பரமா, மல்லியா?” என்று கேட்பார், இவள் கண்ணால் பதில் சொல்வாள்.

வெளிநாட்டில் இந்தப் புத்தகத்துக்குப் பதிலாக நல்ல கருவி கிடைக்கும். தொட்டால் பேசும், குரலும் தெளிவாக இருக்கும். பேசுவது ஆங்கிலம். முதல் மதிப்பீடும் ஆங்கிலத்தில் நடக்கும். குடம் தெரிந்த பிள்ளைக்கு அங்கே காட்டும் குவளை தெரியாது. ‘புரிதல் குறைவு’ என்று எழுதுவார்கள். அடுத்த அறிவுரை எனக்கு மனப்பாடம்: ‘குழப்பம் வேண்டாம், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்.’ இரு மொழி பேசும் வீடு ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சைக் கெடுக்காது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இருந்தும் பல வீடுகள் பயந்து தமிழை நிறுத்துகின்றன. அன்றோடு வீடியோவில் வரும் பாட்டிக்கும் பேத்திக்கும் பேச்சு அறுந்துபோகும்.

பாட்டியையே அழைத்துக்கொண்டால்? கனடாவின் சூப்பர் விசாவில் ஒரு முறை போனால் ஐந்தாண்டு வரை தங்கலாம், குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பெற்றோருக்கான சாதாரண நிரந்தர விசா வரிசை பல பத்தாண்டு நீளம். பிள்ளையை வளர்ப்பதில் பாட்டியின் கை பாதி என்னும் வீடுகள் இந்த ஒரு காரணத்துக்காகவே கனடாவை மேலே வைக்கலாம் என்பது என் கருத்து.

அங்குள்ள தமிழர்கள் இருக்கிறார்களே என்பார்கள். டொரண்டோவின் ஸ்கார்பரோவில் கோயில் உண்டு, கடை உண்டு, பரதநாட்டிய வகுப்பும் உண்டு. ஆனால் போனவர்கள் நம் ஊர்ப் பார்வையைப் பெட்டியில் மடித்து எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். ‘என்ன பாவமோ’ என்ற முணுமுணுப்புக்கு விசா தேவைப்படுவதில்லை. பிறந்தநாள் விழாக்களுக்கு அண்ணனை மட்டும் அழைப்பார்கள். பள்ளியிலோ எல்லோரும் புன்னகைப்பார்கள், மூன்றரை மணிக்கு மேல் யாரும் வீட்டுக்கு வர மாட்டார்கள். இரண்டு பக்கமும் யாரும் விரட்டவில்லை, யாரும் அழைக்கவுமில்லை. நவம்பர் முதல் பனி வேறு. நடைபாதையில் குவிந்த பனியில் சக்கரம் ஓடாது.

பர்மாவிலிருந்து 1960களில் திரும்பிய குடும்பங்கள் வியாசர்பாடியில் கூட்டமாகக் குடியேறினார்கள், பர்மிய உணவுகளான அத்தோவையும் மொய்ங்காவையும் கடற்கரை ரயில் நிலையப் பக்கம் கடை போட்டு விற்றார்கள். எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள்தான், ஆனால் அவர்களுக்கு அண்டை வீடும் கூடவே வந்தது. இப்போது விமானம் ஏறும் வீடு அண்டை வீட்டை விட்டுவிட்டுத்தான் ஏறுகிறது.

காது கேளாத இளைஞரின் தனிமை வேறு வகை. இந்தியச் சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளை இரு கையால் காட்டுவோம். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இரு கை. கனடாவின் ஆங்கிலப் பகுதிகளிலும் அமெரிக்காவிலும் ஒரு கை, சைகைகளும் முற்றிலும் வேறு. டொரண்டோவில் அவர் முதலில் அமெரிக்கச் சைகை மொழியைப் படிக்க வேண்டும். அக்கா வீட்டில் யாருக்கும் எந்தச் சைகை மொழியும் தெரியாது, வீட்டுச் சாடைதான். வேலையில் பேச ஆளில்லாமல், வீட்டில் பேச ஆளில்லாமல் சில ஆண்டுகள் போகும். சென்னையில் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் காது கேளாத நண்பர்களின் கூட்டம், கிரிக்கெட், முடிவில்லாத கைப்பேச்சு. அக்காவுக்கு இது தெரியாது. தம்பி தனியாக இருக்கிறான் என்று அவர் அங்கிருந்து வருந்துகிறார். தவிர, தம்பியை ஸ்பான்சர் செய்யக் கனடாவில் பொதுவாக வழியில்லை. புள்ளிகள் வழியில் போவதானால் ஆங்கிலத் தேர்வின் நான்கு பகுதிகளில் ஒன்று கேட்டல். அதற்கு முன்கூட்டியே சிறப்பு ஏற்பாடு கோர வேண்டும்.

இங்கேயே இருந்தால்

வடசென்னையைப் புகழ்ந்து எழுதினால் இங்கே வாழ்பவர்கள் சிரிப்பார்கள். மாடிப்படி, உடைந்த நடைபாதை, மழை வந்தால் முழங்கால் தண்ணீர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு கச்சா எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. படுக்கையில் இருக்கும் பிள்ளையோடு அதைக் கடந்த வீடுகளுக்கு ‘சொந்த ஊர்’ என்ற பேச்சு கசக்கும். வீட்டு உரிமையாளர் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் ‘வேறு ஆள் வந்துவிட்டார்கள்’ என்கிறார். தனியார் பள்ளி ‘சீட் முடிந்துவிட்டது’ என்கிறது. கல்யாணத்துக்குக் கூட்டிவராதே என்று சொந்தக்காரர்களே சொல்கிறார்கள். பூக்காரம்மாவின் அன்பை வைத்து இவற்றை மூடி மறைக்க நான் தயாரில்லை. நல்ல நிறுவனங்கள் எல்லாம் தெற்கே: வித்யாசாகர் கோட்டூர்புரத்தில், பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில். திருவொற்றியூரிலிருந்து முட்டுக்காடு போய்த் திரும்பினால் ஒரு நாள் போச்சு.

ஆனாலும் தட்டின் இந்தப் பக்கத்தில் எடை கூடியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அரசு வேலையில் 4 விழுக்காடு, உயர்கல்வியில் 5 விழுக்காடு இடம் ஒதுக்குகிறது. தீவிரக் குறைபாடு உள்ளவருக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. இது மருந்துக்கே போதாது, ஆனால் யாரும் ‘ஐந்தாண்டு கழித்து வா’ என்று சொல்வதில்லை. நகரப் பேருந்தில் துணைக்கு வருபவருக்கும் சேர்த்து இலவசம். மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை. மெட்ரோ 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்தது. நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. தண்டையார்பேட்டையில் ஏறினால் சின்னமலையில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் கோட்டூர்புரம். 2024இல் தாழ்தளப் பேருந்துகளும் ஓடத் தொடங்கின. அவை வந்தது மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போய் மல்லுக்கட்டியதால்.

இப்போது பணத்தை வைத்துப் பாருங்கள். கனடாவுக்கு மூன்று பேர் குடும்பம் கையிருப்பாகக் காட்ட வேண்டியது, 2025 ஜூலைக் கணக்கின்படி, 23,360 டாலர். விமான டிக்கெட், விண்ணப்பக் கட்டணம், தேர்வுகள், முதல் சில மாத வாடகை எல்லாம் சேர்ந்தால் இருபது லட்சத்தைத் தொடும். அதில் பாதியைப் போட்டால் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் தரைத்தள வீடு ஒன்று போக்கியத்துக்குக் கிடைக்கும். மீதியில் உடம்பு அளவுக்குச் செய்த நல்ல நாற்காலியும், பாட்டிக்குத் துணையாக ஓர் ஆயாவும், சில ஆண்டு சிகிச்சையும். இப்படி ஒரு வழி இருப்பதைப் பல வீடுகள் எண்ணிக்கூடப் பார்ப்பதில்லை. வெளிநாட்டுக்குக் கடன் வாங்குவது முதலீடாம், தரைத்தள வீட்டுக்குக் கடன் வாங்குவது செலவாம்.

யாருக்கு எது

தண்டையார்பேட்டை வீட்டுக்கு என் பதில்: முதலில் மாடியிலிருந்து இறங்குங்கள். போவதென்றால் கனடா, அதுவும் நிரந்தர வசிப்புரிமையைக் கையில் வைத்துக்கொண்டு மட்டும். இங்கிலாந்துக்குச் செவிலியர் வேலை எவ்வளவு எளிதாகக் கிடைத்தாலும் இந்தப் பிள்ளையோடு வேண்டாம். அந்த ஐந்தோ பத்தோ ஆண்டுகள் ஒன்பது வயதிலிருந்து பத்தொன்பது வரை ஓடும், வளர்ச்சிக்கு முக்கியமான காலம் அது. பிள்ளை இன்னும் பள்ளி வயதைத் தொடவில்லை, குறைபாடும் லேசானது என்றால் இதே பதிலை நான் சொல்ல மாட்டேன்; அப்போது இங்கிலாந்தின் பள்ளிக்கூடமே போதுமான காரணம்.

வண்ணாரப்பேட்டைப் பெண்ணுக்கு: போகட்டும். அவருடைய அம்மாவின் முகம் சுருங்குவது தெரிந்தும் சொல்கிறேன். தானே நாற்காலியில் ஏறி இறங்குகிறார், ஆங்கிலம் வருகிறது, தனியாக வாழ ஆசைப்படுகிறார். இங்கிலாந்தில் பல்கலைக்கழகம் வசதி செய்துதர 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் ஊனமுற்ற மாணவருக்கான அரசு உதவித்தொகை வெளிநாட்டு மாணவருக்குக் கிடையாது. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, வங்கியில் ஆண்டுக்கு 11,904 யூரோ முடக்கிக் காட்ட வேண்டும். படிப்பு முடிந்து வேலைக்குப் போகும்போதுதான் ஜெர்மனி ஒரு படி மேலே நிற்கிறது: இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் ஐந்து விழுக்காட்டு இடத்தைத் தீவிரக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தர வேண்டும், தவறினால் அபராதம். சட்டப்படி அங்கே வாழும் வெளிநாட்டவரும் தீவிரக் குறைபாட்டுக்கான அடையாள அட்டையை வாங்கலாம். விலை, ஜெர்மன் மொழி. இரண்டு ஆண்டு அதற்கு உழைக்க மனமிருந்தால் ஜெர்மனி, இல்லையென்றால் இங்கிலாந்து. அன்றாடம் உதவியாளர் தேவைப்படும் நிலை என்றால் இரண்டுமே கையை விட்டுப்போகும் செலவு.

காலடிப்பேட்டைத் தம்பியிடம் அவர் வீட்டார் இதுவரை எதுவும் கேட்கவில்லை. எழுதிக் காட்டி நான் கேட்டபோது அவர் சொன்னது, வேலை மாற வேண்டும், ஆனால் கூட்டாளிகளை விட்டுப் போக விருப்பமில்லை. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் ஒதுக்கீட்டு வேலைகளுக்குப் படிக்கிறாராம். இதற்கு மேல் ஒப்பிட என்ன இருக்கிறது?

போவது என்று முடிவெடுத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘விண்ணப்பத்தில் இந்தப் பிள்ளையைக் காட்டாதீர்கள், போய்ச் சேர்ந்த பிறகு அழைத்துக்கொள்ளலாம்’ என்று சொல்லும் ஏஜென்ட் இருந்தால் அந்த அலுவலகத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். கனடாவில் முதல் விண்ணப்பத்தில் மறைத்த, மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தாத பிள்ளையைப் பிறகு குடும்ப ஸ்பான்சர் வழியில் அழைக்கச் சட்டமே தடுக்கும். உள்ளபடி காட்டியிருந்தால், 22 வயதுக்கு முன்பிருந்தே தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர் எத்தனை வயதானாலும் உங்கள் பிள்ளையாகவே கணக்கில் இருப்பார்.

கிளம்புவதற்கு முன், பிள்ளையின் ஊனச் சான்றையும் தேசிய அடையாள அட்டையையும் காலாவதியாகாமல் புதுப்பித்துக்கொள்ளுங்கள். திரும்பி வர நேர்ந்தால் பழைய சலுகைகளை மீட்க அவை வேண்டும். எல்லாச் சிகிச்சைக் குறிப்புகளையும் ஆங்கிலத்தில், தேதியோடும் கையெழுத்தோடும் வாங்கி வையுங்கள், எங்களைப் போன்ற ஆசிரியர்களின் அறிக்கையையும் சேர்த்து. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம் உள்ளவருக்குப் பதினெட்டு முடிந்திருந்தால், ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டபூர்வக் காப்பாளர் ஆணையையும் வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் போய்விட்டால், பிள்ளையின் பெயரில் இங்கே இருக்கும் வங்கிக் கணக்கை அங்கிருந்து இயக்குவது பெரும்பாடாகிவிடும்.